கையொப்பக்காரர்களைத் தேடி

1922ஆம் ஆண்டு அ. மாதவையா உப்பு இலாகா வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. வாலிபத்தில் சேர்ந்த அரசாங்க உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல். அதற்கிடையில்தான் 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி', ஆங்கிலத்தில் 'தில்லை கோவிந்தன்' எல்லாம் எழுதியிருந்தார். ஓய்வு பெற்றதும் மயிலாப்பூரில் வீடு கட்டிக்கொண்டு ஓர் அச்சகமும் வைத்தார். 'ஆசிரியர் அச்சுக்கூடம்' என்று அதற்குப் பெயர். 1924இல் 'பஞ்சாமிர்தம்' மாத இதழைத் தொடங்கினார். எழுதுவதும் அச்சிடுவதும் விற்பதும் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதருக்கு எல்லாம் கூடிவந்த நேரம். 1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் விட்டார்.

யாருக்கும் கைகட்டி நிற்காத எழுத்தாளராக அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளுக்கான முதலை உப்பு இலாகா சம்பளத்தில்தான் சேர்த்திருந்தார்.

இன்று ஒருவர் தன் நூலைத் தானே வெளியிட்டால், பதிப்பகம் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறோம். தமிழ் அச்சு வரலாற்றைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இந்தப் பேச்சு வேடிக்கையாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் எழுதியவரோ ஏடு பார்த்துப் பதிப்பித்தவரோ தாமே பணம் திரட்டி அச்சிட்டு விற்பதுதான் வழக்கம். பதிப்பகம் என்று ஒன்று நடுவில் வந்து, ஆசிரியருக்கு ராயல்டி தருகிறேன் என்று சொன்னது பிறகு நடந்த கதை. அந்த ராயல்டியும் பெரும்பாலும் சொன்னதோடு சரி.

இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் வைத்துக்கொள்ள வழி பிறந்தது 1835இல், சார்லஸ் மெட்காஃப் காலத்துச் சட்டத்தால். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1849இல், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிக்கொண்டு போய் வண்ணார்பண்ணையில் நிறுவினார். வெஸ்லியன் மிஷன் பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். பாதிரியார் பெர்சிவலோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியபோது அச்சின் வலிமை என்ன என்று பக்கத்தில் இருந்து பார்த்திருந்தார். பிறகு சென்னையிலும் அச்சகம் வைத்தார். நாவலருக்குப் பின்னால் ஒரு சமய இயக்கமும் அதை நம்பிய சமூகமும் இருந்தன. புத்தகத்தை யாருக்கு விற்பது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

உ.வே. சாமிநாதையரின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று நினைக்கிறோம். ஏடு தேடி அலைந்தார், கரையான் அரித்த சுவடிகளைக் காப்பாற்றினார் என்ற பகுதி தெரியும். 'என் சரித்திர'த்தைப் பணக்கணக்காகப் படித்தவர்கள் குறைவு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் மாதம் 50 ரூபாய். அந்த ஆண்டுதான் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்துச் சீவக சிந்தாமணியில் இறங்கினார். நூல் வெளிவந்தது 1887இல். ஏழு ஆண்டு உழைப்பு. ஆராய்ச்சிக்கு ஏடு வேண்டும், அச்சுக்குப் பணம் வேண்டும். ஐம்பது ரூபாய்க்காரர் சிந்தாமணி மூலத்தையும் நச்சினார்க்கினியர் உரையையும் அச்சுப் போடுவதற்குச் செலவழிக்க எங்கே போவார்?

அன்றைக்கு இருந்த வழி கையொப்பம். இன்ன நூலை அச்சிடப் போகிறேன், விலை இவ்வளவு என்று அறிவித்து, வாங்கச் சம்மதிப்பவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது. சிலர் பணத்தையும் அப்போதே தருவார்கள். சிலர் புத்தகம் வந்ததும் தருவதாகச் சொல்வார்கள். சாமிநாதையர் ஊர் ஊராகப் பெரிய மனிதர்களைப் பார்த்துக் கையொப்பம் திரட்டினார். இராமசாமி முதலியாரும் பூண்டி அரங்கநாத முதலியாரும் துணை நின்றார்கள். கல்லூரி விடுமுறை விட்டதும் சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்வார். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் பணம் கொடுத்துவிடுவதில்லை. காகிதக் கடைக்காரருக்கும் அச்சகத்துக்கும் தவணை காத்திருக்காது. இந்த நெருக்கடிக்கு நடுவே, சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்ற வசை வேறு.

அதே கும்பகோணத்தில் அப்போது இருந்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலிருந்து வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானவர். தொல்காப்பியம், வீரசோழியம், கலித்தொகை என்று சொந்தப் பொறுப்பில் பதிப்பித்தவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிக் கேட்டார், சாமிநாதையர் இணங்கவில்லை. இதை இரு அறிஞர்களின் போட்டியாக எழுதிச் சுவைப்பவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இருவருமே உத்தியோகச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, மிச்ச நேரத்தையும் மிச்சப் பணத்தையும் பழைய நூல்களில் கொட்டியவர்கள். தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளை இன்று படித்தாலும் ஏடு கிடைக்காத ஏக்கத்தோடு ஆதரவு கிடைக்காத ஆற்றாமையும் சேர்ந்தே ஒலிக்கிறது.

சாமிநாதையருக்குப் பின்னாளில் காலம் கூடிவந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஒவ்வொரு நூலுக்கும் முன் நூலை வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் தொடர்ந்து வந்தார்கள். மடங்களும் ஜமீன்களும் உதவின. திருவல்லிக்கேணியில் வீடு வாங்கியதும் தமக்குக் கல்லூரி வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் பெயரை வைத்து 'தியாகராஜ விலாசம்' என்றழைத்தார். அந்த வீட்டுக்கு அடித்தளம் கல்லூரிச் சம்பளம் என்பதை அவர் மறக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாவல் வந்தது. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். அவருக்கு எழுத்தால் சோறு வர வேண்டியதில்லை. எழுத்தை நம்பியே வாழ முடியும் என்று முதலில் காட்டியவர்கள் இலக்கிய வரலாறுகள் முகம் சுளித்துக்கொண்டு பேசுகிற கூட்டம். ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை.மு. கோதைநாயகி. துப்பறியும் கதை, குடும்பக் கதை, பக்கத்துக்குப் பக்கம் திருப்பம். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' பதிப்புமேல் பதிப்பாக விற்றது. வடுவூரார் 'மனோரஞ்சினி' என்று சொந்தமாகவே பத்திரிகை நடத்தி நாவல்களை வெளியிட்டார்.

இவர்களில் கோதைநாயகியின் வாழ்க்கையைத்தான் சுதந்திர எழுத்தாளர்கள் பாடமாக வைத்துப் படிக்க வேண்டும். 1901இல் பிறந்தவர். ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி எழுதினார். 1925இல், நின்றுபோகும் நிலையிலிருந்த 'ஜகன்மோகினி'யை வாங்கி நடத்தத் தொடங்கினார். தம் நாவலைத் தம் பத்திரிகையில் தொடராக விட்டுப் பிறகு புத்தகமாக்கினார். எழுதிய நாவல்கள் 115. ஏறத்தாழ 35 ஆண்டுகள் பத்திரிகை நடந்தது, சொந்த அச்சகமும் வந்தது. மறியலுக்குப் போய்ச் சிறைப்பட்டபோது அங்கேயும் எழுதினார். அவர் பலத்தின் ரகசியம் சந்தாதாரர்கள். மாதம் பிறந்தால் பத்திரிகை எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் அவர் மேசையில் இருந்தது. பெரும்பாலும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்கள். வேறு எந்தப் பதிப்பாளராலும் எட்ட முடியாத வாசகர்கள் அவர்கள். அந்தப் பட்டியல் இருந்தவரை எந்த விமர்சகரின் தயவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவருடைய நாவல்கள் இலக்கியமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். தமிழில் எழுத்தால் ஒரு தொழிலை நிறுவி, நெடுங்காலம் யாரிடமும் வேலைக்குப் போகாமல் நடத்திக் காட்டிய பெண் அவர்.

பாரதியாரிடம் அந்தப் பட்டியல் இல்லை. 1907இல் அவருடைய பாட்டுகள் சிலவற்றை மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அரசியலில் எதிர்முகாம்காரர் அவர். தமிழ்க் கவிதைக்கு அப்படியொரு தொடக்கம் அமைவது அபூர்வம். மறு ஆண்டு 'ஸ்வதேச கீதங்க'ளைப் பாரதியார் தாமே வெளியிட்டார். பிறகு புதுச்சேரி வாசம். பத்திரிகைகளுக்குத் தடை, வருமானம் அடைபட்டது. 'கண்ணன் பாட்டு' 1917இல் வந்தது பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால்.

1920இல் பாரதியார் போட்ட திட்டம் இன்றைய புதுத்தொழில்காரர்கள் போடும் திட்டத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அடிப்பது. மொத்தம் 4 லட்சம் பிரதிகள். தொடக்கச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். அதை நண்பர்களும் அன்பர்களும் ஆளுக்கு 100 ரூபாய் கடனாகத் தந்தால் வட்டியோடு திருப்பித் தருவதாகச் சுற்றறிக்கை. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு புத்தகம் போகும் என்று நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் எழுதினார். லாபக் கணக்கும் போட்டிருந்தார். பணம் வந்துசேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தபோது அவருக்கு 39 வயது நிறையவில்லை.

அந்தத் திட்டத்தைக் கவிஞரின் கனவு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. பாரதியாரின் கணக்கில் பிழை ஒன்றுதான். காலத்தைத் தவறாகக் கணித்துவிட்டார். அவர் எழுத்துகள் பிற்காலத்தில் 4 லட்சம் என்ன, அதைவிடப் பல மடங்கு விற்றன. செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் வெளியிட்டுப் பார்த்தார். பிறகு பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனும் மற்றவர்களும் 'பாரதி பிரசுராலயம்' நடத்தினார்கள். பாடல்களின் ஒலிபரப்பு, சினிமா உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய், நீதிமன்றம்வரை வழக்கானது. 1949இல் அரசு உரிமைகளை வாங்கிக்கொண்டு, ஐம்பதுகளின் நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விட்டது. ஒரு நூறு ரூபாய்க் கடனுக்கு ஊரெல்லாம் எழுதிய மனிதரின் எழுத்தை விலைபேசி வாங்கச் சினிமா முதலாளியும் அரசாங்கமும் வரிசையில் நின்றார்கள். அவர் இருந்தபோது ஒரு தவணைப் பணம் வந்திருந்தால் போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பதிப்பகங்கள் பெருகின, வார இதழ்கள் லட்சங்களில் விற்றன. பத்திரிகைக்கு ஏற்ற மாதிரி எழுதத் தெரிந்தவர்களுக்கு வாழ்க்கை சௌகரியமானது. அதற்கு இசையாதவர்கள் மறுபடி சொந்தக் கையை நம்பினார்கள். அந்தப் பிடிவாதத்தின் உச்சம் வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா.

1959 ஜனவரியில் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெரு வீட்டிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அடிப்பதில்லை என்று தாமே எல்லை போட்டுக்கொண்டார். கடைகளில் கிடைக்காது, சந்தாதாரருக்கு மட்டும். இது கர்வம் என்று அன்றே சொன்னார்கள். எனக்கு இதில் கணக்குத்தான் தெரிகிறது. தெரிந்த முகவரிக்கு அனுப்பினால் விற்காத பிரதி திரும்பி வராது, கடைக்காரரிடம் பாக்கி கேட்டு நடக்க வேண்டாம். கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டாயிரம் பேரே சேரவில்லை. ஆனாலும் 119 இதழ்கள், 1970 வரை. ந. பிச்சமூர்த்தி, தருமு சிவராமு, பசுவய்யா, சி. மணி, எஸ். வைதீஸ்வரன் என்று புதுக்கவிதையின் முதல் வரிசை முழுக்க அந்த மெலிந்த இதழில்தான் கூடியது. 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பையும் அவரே போட்டார்.

மனைவியின் நகைகள் போயின என்பதை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் குறிப்பிடுவார்கள். குறிப்பிட்டுவிட்டு அடுத்த வரியில் தியாகம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். தியாகம் யாருடையது என்று ஒரு நிமிடம் நிற்க வேண்டாமா? தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றில் முதல் போட்டவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்தால், அதில் பாதிப் பெயர்கள் எந்த இதழின் அட்டையிலும் அச்சாகாத பெண்களின் பெயர்களாக இருக்கும்.

இதழ் நின்ற பிறகும் செல்லப்பா ஓயவில்லை. 'எழுத்து பிரசுரம்' நூல்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். தமிழ்த் துறைத் தலைவர் வரச் சொன்ன நேரத்துக்குப் போய் வராந்தாவில் காத்திருந்து இரண்டு பிரதி விற்றுவிட்டு வருவார். 1997இல், 85 வயதில், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார். அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி பரிசு அறிவிக்கப்பட்டது 2001இல். 1959இல் அவரே வெளியிட்ட 'வாடிவாசல்' என்ற சின்னப் புத்தகம் இப்போது பதிப்பு பதிப்பாக ஓடுகிறது. ஆங்கிலத்துக்குப் போயிற்று, சித்திர நாவலாயிற்று, சினிமாக்காரர்களும் தேடி வந்தார்கள். அட்டையில் 'எழுத்து பிரசுரம்' என்றிருந்தபோது தோளில் சுமந்து விற்க வேண்டியிருந்த அதே வரிகள்தாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதைவிடச் செம்மையாக ஒருவர் செய்துகாட்டினார். யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் தொழிலாளி. சாதி இழிவைப் பள்ளிக்கூடத்திலேயே சந்தித்துப் படிப்பை விட்டவர். 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கிக் கஸ்தூரியார் வீதியில் இருந்த சலூனையே ஆசிரியர் குழு அறையாக வைத்துக்கொண்டார். இதழ் அச்சாகி வந்ததும் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் விற்பார். வெட்கப்பட மாட்டார். இலவசமாகக் கேட்பவருக்குக் கொடுக்கவும் மாட்டார். போர் வந்து யாழ்ப்பாணத்தைவிட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்த பிறகும் இதழ் வந்தது. 2012 வரை நாற்பத்தாறு ஆண்டுகள். தமிழ்ச் சிற்றிதழ் உலகில் இந்த ஆயுள் வேறெவருக்கும் எளிதில் வாய்க்காதது. சலூன் நாற்காலி தந்த சுதந்திரம் கல்லூரிப் பதவி தந்த சுதந்திரத்துக்குக் குறைந்ததாக இருக்கவில்லை.

மாதவையாவின் மகனையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். தந்தை ஐம்பது வயதுவரை ஒத்திப்போட்டதை மகன் இளமையிலேயே செய்தார். நாற்பதுகளின் இறுதியில் வேலையைத் துறந்துவிட்டு, காட்டையும் காமிராவையும் பேனாவையும் நம்பி வாழ்ந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் 1950இல் தொடங்கிய அவர் பத்தி, 1996இல் அவர் சாகும்வரை வந்தது. தவறாமல் வந்த அந்தச் சிறு தொகை இல்லாவிட்டால் காடும் இல்லை, படமும் இல்லை.

இவ்வளவையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். தமிழ் எழுத்தாளரை முடக்கியது அச்சுச் செலவு என்று நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம். அச்சுச் செலவுக்கு எப்படியோ வழி பிறந்துவிடுகிறது. கடன், நகை, ஓய்வூதியம், நண்பர். அச்சான நூல் வாசகரிடம் போய், அதன் விலை எழுத்தாளரிடம் திரும்பி வருகிற பாதைதான் அடைபட்டுக் கிடந்தது. யாரிடம் வாசகரின் முகவரி இருந்ததோ அவர் பிழைத்தார். முகவரி வேறொருவர் கையில் இருந்தபோது எழுத்தாளர் அவருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார். அவர் மிட்டாதாரர், மடாதிபதி, பத்திரிகை முதலாளி, பாடப்புத்தகக் குழு என்று காலத்துக்குக் காலம் மாறினார்.

கேரளத்தில் இதைப் புரிந்துகொண்டார்கள். 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆசிரியருக்கு 30 சதவீதம் ராயல்டி. நூல் விற்பனைக்குச் சொந்தக் கடைகள். தகழி, பஷீர் போன்றவர்கள் எழுத்தை நம்பி வீடு கட்ட முடிந்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பின்னாளில் தளர்ந்ததென்றாலும் ஒரு தலைமுறையை நிமிர வைத்துவிட்டுத்தான் தளர்ந்தது. தமிழில் அப்படி நிலைத்து நின்ற ஒன்றைக் காட்ட முடியவில்லை. நம்மவர்கள் கூட்டாகச் சேர்ந்தால் முதலில் பிளவுபடுவது கொள்கை பற்றியா தலைவர் பதவி பற்றியா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

தமிழ்நாட்டில் அந்த இடத்தை அடைத்தது நூலக ஆணை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலாயிற்று. அரசு மொத்தமாக நூல் வாங்கியது. சிறு பதிப்பாளருக்கும் சொந்தமாக வெளியிட்டவருக்கும் அது பெரிய மூச்சுக்காற்று. அதனாலேயே ஒரு கெடுதலும் வந்தது. நூலகத்துக்கு விற்றால் போதும் என்றானபின், வாசகரைத் தேடும் பழக்கம் விட்டுப்போயிற்று. ஆணை வராத ஆண்டுகளில் பதிப்புலகமே படுத்துக்கொண்டது. கவிதைத் தொகுப்புகளுக்கு இந்த இரண்டும்கெட்டான் நிலைகூடக் கிடைக்கவில்லை. முதல் கவிதை நூல் சொந்தக் காசில் என்பது எழுதாத சட்டமாகவே இருந்து வருகிறது.

கடைசிப் பத்தாண்டில் அடித்தளமே மாறிவிட்டது. கணினியில் தட்டச்சு, தேவைக்கேற்ப அச்சு. ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கிவைக்க வேண்டியதில்லை. இருபது பிரதியும் அடிக்கலாம். 2016 டிசம்பரில் கிண்டில் மின்னூல் மேடை தமிழுக்கு வந்தது. அச்சு நூலில் பத்து சதவீத ராயல்டியையே கேட்டு வாங்க வேண்டியிருந்த ஆசிரியருக்கு 35 சதவீதம், கிண்டிலுக்கு மட்டுமே மின்னூலைத் தர ஒப்புக்கொண்டால் 70 சதவீதம்வரை. மாதக் கணக்கு தானாக வருகிறது. சந்தா வாசகர்கள் படிக்கிற பக்கத்துக்கு இவ்வளவு என்று தனியாகக் காசு. சமையலறையில் அலைபேசியில் தட்டித் தட்டிக் குடும்ப நாவல் எழுதுகிற பெண்கள் சிலர், இலக்கிய உலகம் பெயர் அறியாதவர்கள், மூத்த எழுத்தாளர்கள் வாழ்நாளில் பார்க்காத தொகையை ஓராண்டில் பார்க்கிறார்கள். கோதைநாயகியின் நேர் வாரிசுகள். அவர்கள் மீதான முகச்சுளிப்பும் அப்படியே தொடர்கிறது.

இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். செல்லப்பாவுக்கு இது கிடைத்திருந்தால் அந்தத் தோள் வலி இருந்திருக்காது.

ஆனால் இந்த மேடைகளில் ஒரு நூலை வாங்கியவர் யார் என்று அதை எழுதியவருக்குத் தெரியாது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகவரி தெரியாது. பட்டியல் நிறுவனத்திடம் இருக்கிறது. பக்கத்துக்கு எவ்வளவு காசு என்பதை மாதந்தோறும் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். எந்த நூல் வாசகர் கண்ணில் படும், எது படாது என்பதும் அவர்கள் வைத்த கணக்கு. நாளை விதியை மாற்றினால் ஆயிரக்கணக்கான வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்த ஆசிரியர், மறுநாள் காலை ஒருவருக்குக்கூடக் கடிதம் எழுத முடியாதவராக நிற்பார். கோதைநாயகியைப் போல எழுதிக் குவித்தும், அவர் மேசையில் இருந்த பட்டியல் இல்லாத நிலை. இன்னொரு பக்கம் புதிதாக ஒரு வணிகம் முளைத்திருக்கிறது. பணம் கட்டினால் நூல், கூடுதலாகக் கட்டினால் விழா, அதற்கும் மேல் கட்டினால் விருது. அச்சிட்டுக் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது, விற்பது உங்கள் பாடு. இதற்குச் சுயப்பதிப்பு என்ற கௌரவமான பெயர் பொருந்தாது.

தபாலும் பழைய தபாலாக இல்லை. 2024 இறுதியில் பதிவு நூலஞ்சலுக்கான சலுகைக் கட்டணம் நின்றுபோனது. மெலிந்த கவிதை நூலுக்கு அதன் விலையில் ஒரு நல்ல பங்கு அனுப்பும் செலவுக்கே போகிறது. 200 ரூபாய் நூலில் கடைக்காரர் கழிவு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு. பதிப்பகம் வழியே போனால் ஆசிரியருக்கு 20 ரூபாய். முந்நூறு பிரதி விற்றால் 6,000 ரூபாய். இரண்டு மூன்று ஆண்டு எழுதிய நாவலுக்கு. சொந்தமாக விற்றால் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு கிடைக்கலாம். ஆனால் அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு, பொட்டலம் கட்டுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, வராத பார்சலுக்குப் பதில் சொல்வது எல்லாம் சேர்ந்து அடுத்த நாவலுக்கான மாதங்களைத் தின்றுவிடும். பத்திரிகை நடத்திய செல்லப்பா அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதாமல் விட்ட கதைகளின் கணக்கு யாரிடமும் இல்லை.

இருந்தும் இன்று சொந்தமாக வெளியிட்டு ஓரளவு நிற்கிறவர்களைப் பார்த்தால், அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பது சாமிநாதையர் வைத்திருந்த அதே பழைய வழியைத்தான். முன்வெளியீட்டுத் திட்டம் அறிவிக்கிறார்கள். நூல் அச்சுக்குப் போகுமுன் இத்தனை பேர் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டியவர்களின் பெயரும் முகவரியும் ஆசிரியரிடமே இருக்கின்றன. அடுத்த நூலுக்கு அவர்களையே முதலில் கேட்கிறார்கள். தொகை சிறியது, வாசகர்கள் சில நூறு பேர். ஆனால் இதுவரை இந்த மொழியில் எழுத்தாளரை நிற்கவைத்தது இப்படிப்பட்ட சில நூறு பேர்தாம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் மதிக்கும் எழுத்தாளர் ஒருவர் முன்பதிவு அறிவித்தால், விமர்சனம் வரட்டும், புத்தகக் காட்சியில் கழிவு விலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். நூல் வரட்டும், பிறகு தருகிறேன் என்றும் சொல்ல வேண்டாம். அச்சேறுவதற்கு முன்பே முழு விலையையும் அனுப்பி, உங்கள் முகவரியையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.